குரோமோசோம் எண்ணிக்கைச் சோதனையில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் ஆய்வகத்தில் இரண்டு வகைத் தோல்விகள் நேர்கின்றன. ஒன்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்: செல்கள் வளராது, ஸ்லைடு வெறுமையாக இருக்கும், சாயம் பிடிக்காது. மற்றொன்று நல்ல முடிவின் தோற்றத்திலேயே வரும்: 45 என்றோ 47 என்றோ நம்பும்படியான ஓர் எண்ணைக் கொடுக்கும், அல்லது கோளாறு உள்ள கருவுக்கு இயல்பான எண்ணான 46 என்று சான்று சொல்லும். முதல் வகையில் வீணாவது சில நாட்களும் செல்களை வளர்க்கும் கொஞ்சம் ஊடகமும்தான். இரண்டாம் வகையில் தவறான அறிக்கை ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்விடும். ஆகவே இங்கே முதல் வகையைச் சுருக்கமாகவும் இரண்டாம் வகையைச் சற்று நிதானமாகவும் பார்க்கலாம். கேரியோடைப்பிங் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி வரிசைப்படுத்துவது), ஃபிஷ் (குரோமோசோம்களை ஒளிப்புள்ளிகளாகக் காட்டுவது), க்யூஎஃப்-பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கி அளப்பது) ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

72 மணி நேரத்துக்குப் பிறகும் மெட்டாஃபேஸ் (பகுப்பின் நடுவே குரோமோசோம்கள் தனித்துத் தெரியும் நிலை) செல்கள் இல்லை

முதலில் அன்று அறுவடை செய்த மற்ற நோயாளிகளின் வளர்ப்புகளைப் பாருங்கள். எல்லாமே தோற்றிருந்தால் காரணம் ஊடகத்திலோ, செல்களைப் பகுப்படையத் தூண்டும் பைட்டோஹீமக்ளூட்டினினிலோ, பகுப்பை மெட்டாஃபேஸில் நிறுத்தும் கோல்செமிடிலோ, இன்குபேட்டரிலோ இருக்கிறது. இந்த ஒன்று மட்டும் தோற்றிருந்தால் காரணம் மாதிரியில் இருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஊடகத்தை மாற்றிக்கொண்டே போவதுதான் மிக அதிகமான நேரத்தை விழுங்குகிறது.

மாதிரியைச் சந்தேகித்தால் குழாயின் மூடியிலிருந்து தொடங்குங்கள். வளர்ப்புக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் சோடியம் ஹெப்பரின் சேர்த்த குழாய் வேண்டும். இடிடிஏ என்ற மற்றோர் உறைவுத் தடுப்பி உள்ள குழாயில் வந்த இரத்தத்தில் நேரம் செல்லச் செல்ல லிம்ஃபோசைட்டுகள் (இங்கே வளர்க்கப்படும் வெள்ளணுக்கள்) பகுப்படையும் திறனை இழக்கும்; விரைவாக வந்து சேர்ந்திருந்தால் செல்களை ஊடகத்தால் கழுவி முயன்று பார்க்கலாம், ஆனால் புதிய மாதிரி கேட்பதே நல்லது. பிசிஆருக்கு நிலைமை நேர்மாறானது: அங்கே இடிடிஏதான் உகந்தது, ஹெப்பரின் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும். இரண்டு சோதனைகளும் கேட்கப்பட்டிருந்தால் இரண்டு குழாய்களும் தனித்தனியே வர வேண்டும் என்பதை மாதிரி எடுக்கும் இடத்திலேயே எழுதி ஒட்டிவிடுவது பிற்பாடு எவ்வளவோ தொல்லையைக் குறைக்கும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்துபோன இரத்தமும், கோடைக்கால வெயிலில் வண்டியில் கிடந்து சிவப்பணுக்கள் சிதைந்த இரத்தமும் எந்த ஊடகத்திலும் வளராது. வெள்ளணுக்கள் குறைந்த நோயாளி, அண்மையில் கீமோதெரபியோ ஸ்டீராய்டோ பெற்றவர் ஆகியோரிடம் பகுப்படையும் செல்கள் இயல்பாகவே குறைவாக இருக்கும். சேர்க்கும் இரத்தத்தின் அளவைக் கூட்டி இரண்டு மூன்று வளர்ப்புகளை ஒரே சமயத்தில் தொடங்கலாம். பச்சிளங்குழந்தையின் லிம்ஃபோசைட்டுகள் விரைவாகப் பகுப்படைவதால் 48 மணி நேரத்திலேயே ஒரு வளர்ப்பை அறுவடை செய்து பார்ப்பது நல்லது.

எல்லா வளர்ப்புகளும் தோற்றிருந்தால் பைட்டோஹீமக்ளூட்டினினை முதலில் விசாரியுங்கள். உறையவைத்து உருக்கி, மீண்டும் உறையவைத்து உருக்கிப் பயன்படுத்தியது வீரியம் இழந்திருக்கும். சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைப்பதும், புதிய தொகுதி வந்தால் பழையதோடு இணையாக ஒரே இரத்தத்தில் சோதித்த பிறகே பயன்பாட்டுக்கு எடுப்பதும் இதற்கு மாற்று. ஊடகத்தின் நிறம் பலவற்றைச் சொல்லும்: மஞ்சளாகவும் கலங்கலாகவும் இருந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது, ஊதா கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் கார்பன் டைஆக்சைடு போதவில்லை. இன்குபேட்டரின் முகப்பில் 37 என்று ஒளிர்வதை மட்டும் நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைத்துப் பாருங்கள்.

உருமாறிய பெரிய உட்கருக்கள் நிறைய இருந்தும் மெட்டாஃபேஸ் மட்டும் இல்லையென்றால், செல்கள் வளர்ந்திருக்கின்றன, கோல்செமிட் வேலை செய்யவில்லை என்று பொருள். மாறாக, மெட்டாஃபேஸ் ஏராளமாக இருந்து குரோமோசோம்கள் குட்டையாகத் தடித்துக் கிடந்தால் கோல்செமிட் அளவோ நேரமோ கூடிவிட்டது.

குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன, அல்லது நாலாபுறமும் சிதறியிருக்கின்றன

இது தோற்றக் குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எண்ணிக்கைப் பிழையின் ஊற்றுக்கண் இதுதான். 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று அறிவித்தபோது அவர் கையில் இருந்தவை மெல்லிய திசு வெட்டுகளில் நெருக்கியடித்துக் கிடந்த குரோமோசோம்கள். அந்த எண் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்களில் நிலைத்தது. உப்புச் செறிவு குறைந்த ஹைபோடோனிக் கரைசலால் செல்லை உப்பவைக்கும் உத்தியை டி. சி. சூ 1952இல் வெளியிட்ட பிறகுதான் குரோமோசோம்கள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன; ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 1956இல் 46 என்று திருத்தினர். ஆகவே பரவல் சரியில்லாத ஸ்லைடில் எண்ணுவது என்பது தொழில்நுட்பத்தில் 1956க்கு முன்னே போய் நிற்பதாகும்.

குரோமோசோம்கள் கட்டியாகத் திரண்டு, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் சைட்டோபிளாசம் தெரிந்தால் ஹைபோடோனிக் போதவில்லை அல்லது ஸ்லைடு மிக விரைவாக உலர்ந்திருக்கிறது. பொதுவாகப் பின்பற்றப்படுவது 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 37 டிகிரியில், 15 முதல் 20 நிமிடம். கரைசலை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்காமல் அறை வெப்பத்தில் ஊற்றினால் அந்த நேரம் போதாது. மாறாக, செல் எல்லையே தெரியாமல் குரோமோசோம்கள் ஸ்லைடு முழுவதும் ஓடியிருந்தால் நேரம் கூடியிருக்கிறது, அல்லது செல் படிவை முரட்டுத்தனமாகக் கலக்கியிருக்கிறார்கள், அல்லது ஸ்லைடு மிக மெதுவாக உலர்ந்திருக்கிறது.

உலரும் வேகம்தான் பலர் கவனிக்காத இடம். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த, செல்களைப் பதப்படுத்தும் நிலைநிறுத்தி ஸ்லைடின்மேல் ஆவியாகும்போதுதான் செல் விரிகிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 50 விழுக்காடும் வெப்பம் 25 டிகிரியும் இருக்கும் அறையில் அது சீராக நடக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சிதறல் கூடுவதும், குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடி வறண்ட அறையில் காலையில் போட்ட ஸ்லைடில் குரோமோசோம்கள் திரண்டு கிடப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி ஒவ்வொரு அறுவடையின் குறிப்பிலும் அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் காரணம் தானாகவே புலப்படும். வறண்ட நாளில் ஸ்லைடை வெந்நீர்த் தொட்டியின் ஆவியில் காட்டலாம். ஈரமான நாளில் வெதுவெதுப்பான தட்டில் உலர்த்தலாம். நிலைநிறுத்தியை அன்றன்று கலக்க வேண்டும், ஏனெனில் மெத்தனால் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும்.

ஒரு ஸ்லைடு கெட்டதும் மொத்தச் செல் படிவையும் தீர்த்துவிடாதீர்கள். நிலைநிறுத்தியில் உள்ள படிவைக் கழித்தல் 20 டிகிரியில் நெடுநாள் வைத்திருக்கலாம். புதிய நிலைநிறுத்தியால் ஒருமுறை கழுவி மறுபடி சொட்டலாம். ஒரு தடவைக்கு ஒரு காரணியை மட்டுமே மாற்றிப் பாருங்கள்.

பட்டைகள் தெளிவில்லை

குரோமோசோம்களைப் பிரித்தறிய உதவும் பட்டைகளை டிரிப்சின் நொதியும் ஜிம்சா சாயமும் சேர்ந்து உண்டாக்குகின்றன. டிரிப்சின் போதாவிட்டால் குரோமோசோம் முழுவதும் ஒரே கருநிறமாக இருக்கும். கூடிவிட்டால் விளிம்பு பஞ்சுபோல் உப்பி உள்ளே வெளிறிப்போகும். ஸ்லைடு போதிய அளவு முதிரவில்லையென்றால் டிரிப்சின் எவ்வளவு குறுகிய நேரம் பட்டாலும் உப்பும். 60 டிகிரியில் ஓர் இரவு, அல்லது 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கால்சியமும் மக்னீசியமும் டிரிப்சினைத் தளர்த்துவதால் அவை இல்லாத உப்புக்கரைசலில் கழுவுங்கள். ஜிம்சாவின் பஃபர் காரகாடித்தன்மை எண் 6.8ஐ விட்டு விலகினாலும் நிறம் கெடும். பட்டை தெரியாத ஸ்லைடில் எத்தனை குரோமோசோம் என்று எண்ண முடியும், எது கூடியது என்று சொல்ல முடியாது. எனவே அதை வைத்து அறிக்கை எழுதலாகாது.

சில செல்களில் 45, சிலவற்றில் 44, ஒன்றில் 47

இனிதான் அமைதியான பிழைகள் தொடங்குகின்றன. குறைந்துபோன செல் ஒன்றைக் கண்டதும் கேட்க வேண்டியது, எது குறைந்தது என்பது. ஒரு செல்லில் 17, மற்றொன்றில் 9, இன்னொன்றில் 22 என்று வெவ்வேறு குரோமோசோம்கள் காணாமற்போயிருந்தால் அவை ஸ்லைடில் சிதறி விழுந்தவை. பரவல் அளவுமீறிய ஸ்லைடில் இது மிகச் சாதாரணம். அதுபோலவே பக்கத்துச் செல்லிலிருந்து ஓடிவந்த ஒரு குரோமோசோம் 47 என்று காட்டும். எல்லை உடையாத, தனியாக நிற்கும் செல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் இது பெரும்பாலும் தீரும். ஆனால் அழகான செல்களை மட்டுமே தேடித்தேடி எடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, மொசைக் (ஒரே உடலில் வெவ்வேறு குரோமோசோம் எண்ணிக்கை கொண்ட செல்கள் கலந்திருப்பது) செல் வரிசை அந்த அழகில்லாத செல்களில் ஒளிந்திருக்கக்கூடும்.

பன்னாட்டுக் குரோமோசோம் பெயரிடல் முறை இங்கே தெளிவான வரம்பைத் தருகிறது. ஒரே குரோமோசோம் கூடுதலாக இருப்பதைக் குறைந்தது இரண்டு செல்களிலும், ஒரே குரோமோசோம் குறைந்திருப்பதைக் குறைந்தது மூன்று செல்களிலும் கண்டால்தான் அதைத் தனிச் செல் வரிசை என்று கொள்ள வேண்டும். இழப்புக்கு ஒன்று கூடுதலாகக் கேட்பது ஏன் என்பது மேலே சொன்ன சிதறலை நினைத்தால் விளங்கும். இந்த வரம்பைத் தொடாவிட்டாலும், பார்த்த அந்த ஒரு செல்லில் இருப்பது எக்ஸ் குரோமோசோமின் இழப்பு அல்லது 21, 18, 13 ஆகியவற்றில் ஒன்றின் கூடுதல் என்றால் மேலும் செல்களை எண்ணாமல் விடலாகாது. எக்ஸ் இழப்பைப் பொறுத்தவரை வயதையும் கருத வேண்டும்: நடுவயதைக் கடந்த பெண்களின் லிம்ஃபோசைட்டுகளில் சிலவற்றில் ஓர் எக்ஸும், முதிய ஆண்களிடம் ஒய்யும் இயல்பாகவே உதிர்கின்றன. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் இரண்டு செல்களில் 45,எக்ஸ் என்று கண்டதற்கு டர்னர் நோய்க்கூடு (பிறப்பிலேயே ஓர் எக்ஸ் மட்டும் இருப்பது) என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

எத்தனை செல்கள் போதும் என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு. 20 செல்களும் இயல்பாக இருந்தால் 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மொசைக் நிலையை 95 விழுக்காடு நம்பிக்கையுடன் விலக்கலாம்; 30 செல்களில் அது 10 விழுக்காடாகும்; 50 செல்களில் 6. அதாவது, உழைப்பை இரண்டரை மடங்காக்கினால் வரம்பு பாதிக்குச் சற்றுக் கீழே மட்டுமே இறங்குகிறது. இதற்கும் கீழே தேட வேண்டியிருந்தால் மெட்டாஃபேஸை விட்டுவிட்டு ஃபிஷ் முறையில் சில நூறு உட்கருக்களை எண்ணுவதே அறிவுடைமை.

பனிக்குட நீர் வளர்ப்பில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பரிமாணம் சேர்கிறது. அங்கே கூடுதல் குரோமோசோம் கருவில் தோன்றியதா, குடுவையில் தோன்றியதா என்று பிரித்தறிய வேண்டும். ஒரே ஒரு செல்லில் கண்டால் முதல் நிலை. ஒரே குடுவையின் பல செல்களில் கண்டு மற்ற குடுவைகளில் இல்லையென்றால் இரண்டாம் நிலை. தனித்தனியாகத் தொடங்கிய இரண்டு குடுவைகளில் பல செல்களில் கண்டால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையையே மெய்யான மொசைக் என்று கொள்கிறோம், முதலிரண்டும் பெரும்பாலும் வளர்ப்பில் விளைந்த போலி. இந்தப் பாகுபாடு முழுவதும் மாதிரி வந்த அன்றே அதைக் குறைந்தது இரண்டு குடுவைகளாகப் பிரித்து, தனித்தனி ஊடகத்துடன், இயலுமானால் தனித்தனி இன்குபேட்டரில் வைத்தோமா என்பதைப் பொறுத்தது. ஒரே குடுவையில் வளர்த்துவிட்டுப் பின்னர் யோசிப்பவருக்கு விடையே கிடைக்காது. 92 குரோமோசோம் கொண்ட செல்கள் அங்கங்கே தென்படுவது இவ்வளர்ப்புகளில் வழக்கம். 69 அவ்வாறன்று, அதை மெய்யான டிரிப்ளாய்டி (ஒவ்வொரு குரோமோசோமும் மும்மூன்றாக இருப்பது) என்று கருதியே தொடர வேண்டும்.

எண்ணிக்கை 46, ஆனால் குழந்தைக்கு டவுன் நோய்க்கூட்டின் அடையாளங்கள்

எண்ணுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. டவுன் நோய்க்கூட்டில் ஏறக்குறைய 95 விழுக்காடு தனித்து நிற்கும் மூன்றாவது 21ஆல் வருகிறது. சுமார் 3 முதல் 4 விழுக்காட்டில் மூன்றாவது 21இன் நீண்ட கரம் 14 போன்ற வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது மொத்தம் 46தான். அதே ஒட்டலைச் சுமக்கும் பெற்றோருக்கு 45; அவர் முழு நலத்துடன் இருப்பார். எனவே நலமான ஒருவரிடம் எல்லாச் செல்களிலும் 45 என்று வந்தால் ஸ்லைடைக் குறைசொல்வதற்கு முன் 13, 14, 15, 21, 22 ஆகியவற்றைப் பட்டைபட்டையாக ஒப்பிடுங்கள்.

ஃபிஷும் க்யூஎஃப்-பிசிஆரும் 21 மூன்று பிரதிகள் இருப்பதைச் சரியாகவே சொல்லும், ஆனால் அது தனித்து நிற்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. அடுத்த கருவுக்கான அபாயம் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 21உம் 21உம் ஒட்டிய நிலையைச் சுமக்கும் பெற்றோருக்குப் பிழைத்துப் பிறக்கும் குழந்தைகள் எல்லாமே டவுன் நோய்க்கூட்டுடன்தான் பிறக்கும். விரைவுச் சோதனை டிரைசோமி (ஒரு குரோமோசோம் மூன்று பிரதிகள்) என்று சொன்ன பிறகு கேரியோடைப்பை நிறுத்திவிடுவது சிக்கனமன்று.

ஒட்டலும் இல்லை, 46உம் சரி, மருத்துவரின் ஐயம் மட்டும் தீரவில்லை என்றால் திசுவை மாற்றுங்கள். பாலிஸ்டர்-கில்லியன் நோய்க்கூட்டில் 12இன் குறுங்கரத்தாலான கூடுதல் குரோமோசோம் இரத்த லிம்ஃபோசைட்டுகளில் பெரும்பாலும் தென்படாது. தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ப்பில் தென்படும்.

பனிக்குட நீர் முடிவில் தாயின் செல்கள் கலந்திருக்குமோ என்ற ஐயம்

இரத்தம் கலந்த சிவந்த மாதிரியைக் கண்டால் பலர் வளர்ப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது விரைவுச் சோதனைகளைப் பற்றியே. தாயின் வெள்ளணுக்கள் பைட்டோஹீமக்ளூட்டினின் இல்லாத பனிக்குட நீர் வளர்ப்பில் பெருகாமல் மடிந்துவிடும். ஆனால் வளர்க்காத செல்களில் நேரடியாகச் செய்யும் ஃபிஷிலும் க்யூஎஃப்-பிசிஆரிலும் அவை தம் கணக்கைச் சேர்க்கும். வளர்ப்பைக் கெடுப்பது வேறொன்று: ஊசி போகும் வழியில் ஒட்டிவந்த தாயின் திசுத் துணுக்கு. முதலில் வரும் ஓரிரு மில்லிலிட்டரைத் தனிச் சிரிஞ்சில் ஒதுக்குவது இதற்காகத்தான். நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கும் கோரியானிக் வில்லஸ் மாதிரியானால், அதில் ஒட்டியிருக்கும் தாயின் திசுவான டெசிடுவாவை நுண்ணோக்கியின் கீழ் பொறுமையாகப் பிரித்தெடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கரு ஆணாக இருந்தால் கலப்பு தானே வெளிப்படும். பெண்ணாக இருந்தால் எதுவும் தெரியாது. தாயின் இயல்பான 46,எக்ஸ்எக்ஸ் செல்கள் கருவின் கோளாற்றை மூடி மறைத்து இயல்பு என்ற அறிக்கையாக வெளியேறும். ஆகவே பெண் கருவின் இயல்பான முடிவு ஒவ்வொன்றையும், மாதிரி சிவந்திருந்தாலும் தெளிந்திருந்தாலும், தாயின் இரத்தத்தோடு எஸ்டிஆர் குறிப்பான்களில் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டிஎன்ஏ தொடர்கள்) ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து. தாயின் இடிடிஏ இரத்தம் மாதிரியோடு சேர்ந்தே வர வேண்டும். பால் குரோமோசோம் பற்றிய இந்தத் தகவல் ஆய்வகத்தின் உள் சரிபார்ப்புக்கு மட்டுமே. கருவின் பாலை வெளிப்படுத்துவதை இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

ஃபிஷ்: ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை

எல்லா உட்கருக்களிலும் ஒளி மங்கலாக இருந்தால் டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரிக்கும் இயல்பு நீக்கம் போதவில்லை, அல்லது உட்கருவைச் சுற்றிச் சைட்டோபிளாசம் மூடியிருக்கிறது. தொட்டியின் உண்மையான வெப்பத்தை அளந்து, சைட்டோபிளாசத்தைச் செரிக்கும் பெப்சின் நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பின்னணி முழுவதும் மினுமினுத்தால் கழுவுதல் போதவில்லை. இவை உரத்துப் பேசும் குறைகள்.

எண்ணிக்கையில் ஏமாற்றுபவை நான்கு. பகுப்புக்கு முன் இரட்டித்த ஒரு பகுதி அருகருகே இரண்டு புள்ளிகளாகத் தெரியும். இடைவெளி ஒரு புள்ளியின் விட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். இரண்டு புள்ளிகள் மேலும் கீழுமாக அமைந்து ஒன்றாகத் தெரிந்தால் பொய்யான மோனோசோமி (ஒரே பிரதி இருப்பது) தோன்றும். குவியத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். 13, 21 ஆகியவற்றின் சென்ட்ரோமியர் (இரு கரங்களும் சேரும் இடம்) தொடர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவற்றுக்குச் சென்ட்ரோமியர் ப்ரோப் (அந்த இடத்தில் ஒட்டி ஒளிரும் டிஎன்ஏ துணுக்கு) பயன்படாது. நீண்ட கரத்தின் குறிப்பிட்ட இடத்துக்கான ப்ரோப் தேவை. நான்காவது மிக நுட்பமானது: சிலரிடம் 18இன் சென்ட்ரோமியர்த் தொடர் பரம்பரையாகவே மிகக் குறுகியதாக இருப்பதால் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடும். எல்லா உட்கருக்களிலும் 18க்கு ஒரே புள்ளி என்று வந்தால், முழு 18 இழந்த கரு மாதிரி எடுக்கும் வாரம்வரை தாக்குப்பிடிக்காது என்பதை நினைத்து, வேறொரு ப்ரோப்பால் சரிபார்த்துப் பெற்றோரையும் சோதியுங்கள். எந்த விழுக்காட்டுக்கு மேல் மொசைக் என்று கொள்வது என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் தன் ப்ரோப்பை இயல்பான மாதிரிகளில் எண்ணித் தானே நிறுவ வேண்டும்.

க்யூஎஃப்-பிசிஆர்: விகிதம் நடுவில் நிற்கிறது

ஒரு குறிப்பானின் இரண்டு அல்லீல்கள் (தாய், தந்தையிடமிருந்து வந்த வடிவங்கள்) வரைபடத்தில் காட்டும் முகடுகளுக்கு இடையிலான விகிதம் 0.8 முதல் 1.4 வரை இருந்தால் இயல்பு, 1.8க்கு மேலோ 0.65க்குக் கீழோ இருந்தால், அல்லது ஏறக்குறைய சம உயரமுள்ள மூன்று முகடுகள் இருந்தால் டிரைசோமி. ஒரு குரோமோசோமுக்குக் குறைந்தது இரண்டு குறிப்பான்கள் ஒத்துச் சொல்ல வேண்டும். விகிதம் 1.6இல் நின்றால் எந்தப் பக்கமும் தள்ளிவிடக் கூடாது.

முதலில் முகடுகளின் உயரத்தைப் பாருங்கள். கருவியின் எல்லையைத் தொட்டுத் தட்டையாகிப்போன முகட்டில் விகிதம் பொருளற்றது. மாதிரியை நீர்த்து மீண்டும் ஓட்டுங்கள். மிகத் தாழ்ந்த முகடுகளிலும் விகிதம் அலைபாயும். அடுத்து, இரண்டு அல்லீல்களின் நீள வேறுபாடு பெரிதாக இருந்தால் குறுகியது கூடுதலாகப் பெருகும். ஒரே ஒரு குறிப்பான் மட்டும் விலகி, அதே குரோமோசோமின் மற்றவை இயல்பாக இருந்தால் பெருக்கத்தைத் தொடங்கும் பிரைமர் ஒட்டும் இடத்தில் ஒரு மாற்றம் இருக்கலாம். அதே குறிப்பானுக்குத் தாயின் இரத்தத்தையும் ஓட்டினால் பெரும்பாலும் விடை தெரியும்.

எல்லாக் குரோமோசோம்களிலும் ஒருசேர விகிதம் விலகியிருந்தால் இரண்டு வாய்ப்புகள்: டிரிப்ளாய்டி, அல்லது தாயின் கலப்பு. டிரிப்ளாய்டியில் விகிதங்கள் எங்கும் ஒரே சீராக இரண்டுக்கு ஒன்று அல்லது ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும். கலப்பில் குறிப்பானுக்குக் குறிப்பான் விகிதம் மாறும், சிறிய மூன்றாம் முகடு பல இடங்களில் தலைகாட்டும். எக்ஸ் குறிப்பான்கள் எல்லாவற்றிலும் ஒற்றை முகடே வந்து ஒய் இல்லையென்றால் 45,எக்ஸ் ஆகவும் இருக்கலாம், இரண்டு எக்ஸிலும் தற்செயலாக ஒரே அல்லீல்கள் அமைந்ததாகவும் இருக்கலாம். எக்ஸிலும் 3ஆம் குரோமோசோமிலும் ஒத்த தொடரை அளக்கும் டிஏஎஃப்9எல் குறிப்பான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

ஒரு முறை ஒன்று சொல்கிறது, மற்றொன்று வேறு சொல்கிறது

தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் செய்த என்ஐபிடி சோதனை டிரைசோமி என்கிறது, பனிக்குட நீர் 46 என்கிறது என்றால் இரண்டும் சரியாக இருக்கலாம். என்ஐபிடி அளப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் மேலடுக்குச் செல்களின் டிஎன்ஏ. கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிட்டிருந்தால் கருவில் தென்படாது. இதனால்தான் உறுதிப்படுத்துவதற்கு, அதே திசுவைத் திரும்பப் பார்க்கும் வில்லஸைவிடப் பனிக்குட நீர் நம்பத்தக்கது. மறைந்துபோன இரட்டைக் கருவும், தாயிடமே உள்ள எக்ஸ் மொசைக் நிலையும், அரிதாகத் தாயின் கட்டியும் இப்படிப்பட்ட முடிவைத் தரும்; எக்ஸ் பற்றிய முரண்பாடு எழுந்தால் தாயின் கேரியோடைப்பையும் பாருங்கள். கருவின் டிஎன்ஏ பங்கு 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்ற விடையையும் ஏற்க இயலாது.

வில்லஸிலேயே நேரடித் தயாரிப்பும் நீண்ட வளர்ப்பும் முரண்பட்டால், முன்னது மேலடுக்கிலிருந்தும் பின்னது உள் திசுவான மீசென்கைமிலிருந்தும் வருவதை நினைத்து, பின்னதற்குக் கூடுதல் எடை கொடுத்துப் பனிக்குட நீரைக் கேளுங்கள். டிஎன்ஏ அளவை இயல்பான மாதிரியோடு ஒப்பிடும் ஒப்பீட்டு அர்ரே இயல்பு என்றும் அல்ட்ராசவுண்டில் கரு மிகச் சிறுத்தும் இருந்தால் டிரிப்ளாய்டியை நினையுங்கள்: எல்லாமே ஒரே விகிதத்தில் கூடிய 69,எக்ஸ்எக்ஸ்எக்ஸ் அந்த முறைக்குச் சமநிலையாகவே தெரியும். டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் பார்க்கும் எஸ்என்பி அர்ரேயோ, க்யூஎஃப்-பிசிஆரோ, ஒரு மெட்டாஃபேஸோ அதைக் காட்டிவிடும்.